முதுகில் கட்டிய பலகைகள்

கிர்கிஸ்தானில் ஆளரவமற்ற ஒரு மலை. உச்சிக்குச் சற்றுக் கீழே சரிவு முழுக்கப் பனிக்கட்டியாக இருந்தது. என்னோடு ஏறிய ஜெர்மன்காரன் காலிலிருந்த பனிச்சறுக்குப் பலகைகளைக் கழற்றி முதுகில் கட்டினான். நான் மேலே நின்று அவன் இடுப்பில் கட்டிய கயிற்றைப் பிடிக்க, "விட்டுவிடாதே" என்று கெஞ்சியபடியே அடியடியாக நடந்து இறங்கினான். பிறகு நான் பலகைகளிலேயே பக்கவாட்டாகச் சறுக்கி இறங்கினேன். பயம் எனக்கும்தான் இருந்தது. அவன் பயந்ததை நான் ஒரு குறையாக நினைக்கவில்லை.

சில மாதங்கள் கழித்து ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட் நகரில், அந்தப் பயணத்தின் படங்களைக் காட்டி ஒரு கூட்டத்தில் பேசினான். அக்காவோடு போயிருந்தேன். உச்சியிலிருந்து அடிவாரம்வரை சறுக்கியே வந்ததாகச் சொன்னான். அவன் காட்டிய ஒரு படத்தில் பலகைகள் அவன் முதுகில் இருந்தன. ஏன் என்று ஒருவர் கேட்டார்.

அவன் என்னைக் கைகாட்டினான். "அவளால் முடியவில்லை. அவளுக்காகத்தான் நானும் நடந்தேன்."

அரங்கம் உருகிக் கைதட்டியது.

"உனக்கோ ஏலாமப் போனது?" என்று அக்கா காதுக்குள் கேட்டாள்.

"இல்லை அக்கா. அவருக்குத்தான்."

"அப்ப எழும்பிச் சொல்லு."

எழுந்து, நடந்ததை நடந்தபடியே ஜெர்மனில் சொன்னேன். அவன் முகம் சிவக்கக்கூட இல்லை. "அந்த உயரத்தில் எல்லோருக்கும் நினைவு குழம்பும்" என்று சிரித்தான். கூட்டமும் சேர்ந்து சிரித்தது. அவன் பொய்யைவிட, அந்தச் சிரிப்புத்தான் எனக்கு அதிக அருவருப்பாக இருந்தது.

அதன்பின் அவனோடு நான் ஏறவில்லை. அவன் இன்னும் ஊர் ஊராகப் பேசுகிறான். இப்போதெல்லாம் அந்த மலைக்குத் தனியாகப் போனதாகச் சொல்கிறானாம்.