கருவாடும் மல்லியும் ஒரே வண்டியில்

போன வெள்ளிக்கிழமை மகள் பேட்டரி வண்டி வாங்கிவந்தாள். வாசலில் நிறுத்தினாள். வந்ததே தெரியவில்லை, சத்தம் இல்லை. நான் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தேன். குனிந்து சீட்டை மோந்தேன்.

"என்னப்பா பண்றீங்க?"

"ஒண்ணுமில்ல. வாசனையே இல்லையே."

"வண்டி என்னப்பா வாசன அடிக்கும்?"

பழைய மொபெட்டில் முன்னால் நின்றுகொண்டு பள்ளிக்கூடம் போனவள்தான் இவள். மறந்துவிட்டாள். அந்த வண்டி மூன்று வாசனை அடிக்கும். பெட்ரோல், கருவாடு, மல்லி. இது மூன்றும் எப்படிச் சேரும் என்று கேட்பீர்கள். பெட்ரோல் விலைதான் சேர்த்துவைத்தது.

எனக்கு அப்போது கருவாட்டு வியாபாரம். கோட்டைப்பட்டினத்துக் கருவாடு முதல் பஸ்ஸில் ஆவுடையார்கோவிலுக்கு வந்துவிடும். நெத்திலி, சாளை, வாளை. பெட்டியில் அடுக்கி, மொபெட்டில் கட்டிக்கொண்டு, மேற்கே ஊர் ஊராகப் போவேன். மற்றவர்கள் மாதிரி கூவ எனக்கு வராது. ஒரு தடவை ஹாரன் அடிப்பேன். மிச்சத்தைக் கருவாடே சொல்லிவிடும்.

அதே பஸ் ஸ்டாண்டில் கீரமங்கலத்துப் பூவும் வந்து இறங்கும். அதை எடுக்க முருகையா வருவான். என் வீட்டுக்காரிக்கு அண்ணன் முறை, எனக்கு மச்சான். அவனுக்கும் ஒரு மொபெட். அவனுக்கும் அதே மேற்கத்தி ஊர்கள்தான். வாய் ஓயாது. நான் பேசவேண்டியதையும் சேர்த்து அவனே பேசிவிடுவான். எனக்கு அது வசதியாக இருந்தது.

பெட்ரோல் ஏறுகிறது, ஏறுகிறது என்று பங்கில் ஆளாளுக்குச் சத்தம் போடுவார்கள். நான் காதில் வாங்கவில்லை. எப்போதும் ஐம்பது ரூபாய்க்குப் போடுகிறவன். ஏறினாலும் ஐம்பதுதான். இதைச் சிரிப்புக்குச் சொல்வார்கள், நீங்களும் கேட்டிருப்பீர்கள். எனக்கு நிசமாகவே நடந்தது. ஐம்பது அப்படியே இருந்தது. வண்டி போகிற தூரம்தான் சுருங்கிக்கொண்டே வந்தது. ஒருநாள் கடைசி ஊருக்கு முந்தின கண்மாய்க் கரையில் நின்றுபோனது. ரிசர்வுக்குத் திருப்பப் போனேன். பார்த்தால் ஏற்கனவே ரிசர்வில்தான் வந்திருக்கிறேன். வண்டியைச் சாய்த்துப் படுக்கவைத்து எடுத்தேன். மூடியைத் திறந்து உள்ளே ஊதினேன். பெட்ரோல் வாசனை வந்தது. பெட்ரோல் வரவில்லை.

உருட்டிக்கொண்டே வந்தேன். பின்னால் மூன்று நாய். கருவாட்டுப் பெட்டியை உருட்டிக்கொண்டு போகிறவனுக்குத் துணைக்கு ஆள் தேடவேண்டியதில்லை.

வீட்டில் கேஸும் அப்படித்தான் ஏறியிருந்தது. டீக்கும் அவசரத்துக்கும் மட்டும் கேஸ் என்று வீட்டுக்காரி வைத்துக்கொண்டாள். சோறும் குழம்பும் கொல்லையில் விறகடுப்பில். தைலமரத்துச் சருகைப் போட்டுப் பற்றவைப்பாள். குப்பென்று பிடிக்கும். குழம்பில் லேசாகத் தைல வாடை வரும். "சளிக்கு நல்லது, சாப்பிடுங்க" என்பாள். குறை சொன்னால் மறுநாள் சருகு அள்ள நான் போகவேண்டும். அதனால் குழம்பு எப்போதும் நன்றாகவே இருந்தது.

நான் வண்டி உருட்டிய சேதி முருகையாவுக்குப் போய்விட்டது. மறுநாள் பஸ் ஸ்டாண்டில் பிடித்துக்கொண்டான்.

"மாப்ள, ஒன் வண்டியும் அங்கிட்டுத்தான் போகுது. என் வண்டியும் அங்கிட்டுத்தான் போகுது. ரெண்டு வண்டி எதுக்கு?"

"நீ பூ. நான் கருவாடு."

"முன்னாடி பூவு, பின்னாடி கருவாடு. ஓடுற வண்டியில காத்து எங்கிட்டுப் போகும்? பின்னாடிதான?"

யோசித்துப் பார்த்தேன். சரியாகத்தான் பட்டது. நாங்கள் இரண்டு பேரும் ஐந்தாவது தாண்டாதவர்கள்.

அவன் தன் வண்டியை விற்றான். அந்தப் பணம் அவன் பெரிய பிள்ளையின் காலேஜுக்குப் போய்விட்டது. இனி என் வண்டியை விட்டால் அவனுக்கு வேறு வழி இல்லை. அவன் ஓட்டுவான். காலடியில் பூக்கூடை. நடுவில் நான். எனக்குப் பின்னால் கேரியரில் கருவாட்டுப் பெட்டி. பெட்ரோல் ஆளுக்குப் பாதி.

நன்றாகத்தான் ஓடியது. ஊர்ப் பெண்களுக்கு எங்களைப் பார்த்தால் சிரிப்பு.

"ரெண்டையும் ஒண்ணா கொண்டாந்தா எதய்யா மொதல்ல வாங்குறது?"

"வீட்டுக்காரரு கோவமா இருந்தா கருவாடு வாங்குத்தா. குளுந்துட்டா பூ வாங்கு" என்பான் முருகையா.

ஓடுகிற வண்டியில் காற்று பின்னால்தான் போனது. வண்டி நின்றால் காற்றும் நிற்கும் என்பதை நாங்கள் யோசிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை கருவாட்டை யாரும் தொடமாட்டார்கள். ஆனால் பூவுக்கு அன்றைக்குத்தான் வியாபாரம். வாரம் முழுக்க விற்கிற பூ ஒரு பக்கம், வெள்ளிக்கிழமைப் பூ ஒரு பக்கம். அது போனால் முருகையாவுக்குப் பிழைப்பே போன மாதிரி. ஒரே வண்டி என்று ஆன பிறகு வந்த முதல் வெள்ளிக்கிழமை, பெட்டியை வீட்டில் வைத்துவிட்டு நான் சும்மா கூடப் போனேன். பழக்கம். வீட்டில் இருந்தால் என்ன செய்வது என்று தெரியவில்லை.

முதல் வீட்டு அக்கா விளக்குக்குப் போட ரெண்டு முழம் வாங்கியது. மூக்குக்கிட்டக் கொண்டுபோனது. முகம் மாறியது.

"என்னய்யா, பூவு கவிச்சியடிக்குது! சாமிக்குப் போடுறதுய்யா இது!"

அடுத்த வீட்டிலும் அதேதான். அடுத்த தெருவுக்கு நாங்கள் போகுமுன் சேதி போய்விட்டது. அடுத்த ஊருக்கும் போய்விட்டது. அதற்கு யார் பெட்ரோல் போட்டார்களோ தெரியவில்லை. மத்தியானத்துக்குள் மல்லி மலர்ந்துவிட்டது. கூடையோடு திரும்பினோம். வழி முழுக்க முருகையா வாய் திறக்கவில்லை. அவன் பேசாமல் வந்தது எனக்குப் பயமாக இருந்தது.

பூவை எங்கள் வீட்டு வாசலில் இறக்கினான்.

"தங்கச்சி, சாமி வேணாங்குது. நீ வச்சுக்க."

அவள் ஒரு சரத்தை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டாள். அவன் போனபின் கேட்டேன்.

"கவிச்சியடிக்கலையா?"

"அப்படியா? எனக்குத் தெரியலையே. நீங்க வர்ற வாசனதான் வருது."

ஆனாலும் அடுத்த வியாழக்கிழமை சாயந்தரம் வண்டியைப் போட்டுத் தேய்த்தாள். புளி, எலுமிச்சம்பழத் தோல், கடைசியில் சீயக்காய். மொபெட்டுக்குச் சீயக்காய் தேய்த்துக் குளிப்பாட்டியது இந்தப் பக்கத்தில் எங்கள் வீட்டில் மட்டுமாகத்தான் இருக்கும்.

வெள்ளிக்கிழமை காலை கிளம்பினோம். பூ ஈரவாழையிலைக்குள் கட்டுப் பிரிக்காமல் இருந்தது. எங்கள் ஊர்க் கண்மாய்க் கரை ஏறியதும் முருகையா வண்டியை நிறுத்தினான். கூடையை மோந்தான். சீட்டை மோந்தான். கேரியரை மோந்தான். கடைசியில் என் தோளைப் பிடித்து, சட்டைக் காலரில் மூக்கை வைத்தான்.

"மாப்ள."

"என்ன?"

"வண்டி இல்ல மாப்ள. நீதான்."

எனக்குக் கோபம் வரவில்லை. பன்னிரண்டு வருசம் கருவாட்டோடு இருந்தவன். சீயக்காயை நான் தேய்த்திருக்கவேண்டும்.

"நான் எறங்கிக்கிறேன். நீ போ" என்றேன்.

"ஒன் வண்டிடா."

"வெள்ளிக்கிழம ஒன் வண்டி."

போனான். நான் கரையில் நின்று, அவன் தலை மறைகிறவரைக்கும் பார்த்தேன். பிறகு வீட்டுக்கு நடந்தேன். வீட்டுக்காரி சருகு அள்ளக் கிளம்பிக்கொண்டிருந்தாள். நானும் கூடப் போனேன். அவள் அள்ள அள்ளச் சாக்கில் மிதித்துக் கொடுத்தேன். அவள் பேசினாள், நான் கேட்டேன். அவள் அவ்வளவு பேசுவாள் என்று எனக்கு அதுவரை தெரியாது.

மத்தியானம் தூரத்தில் ஹாரன் சத்தம். விடாமல் அடித்துக்கொண்டே வந்தான். வந்து கூடையைக் கவிழ்த்துக் காட்டினான். ஒரு இதழ் இல்லை.

"கருவாட்டுக்காரரு எங்கன்னு கேக்குறாளுக மாப்ள. குளிக்கப் போயிருக்காருன்னு சொல்லிட்டேன்."

அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமை எனக்கு லீவு. காலையில் சருகு, சாயந்தரம் மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவருவது. பெட்ரோல் ஏறியதில் எனக்குக் கிடைத்தது வாரத்தில் ஒரு நாள். மற்ற நாளில் அதே வண்டி, அதே காற்று. விற்காமல் நின்ற ஒரு முழத்தை முருகையா சாயந்தரம் வீட்டில் கொடுத்துவிட்டுப் போவான். வீட்டுக்காரி அதைத்தான் வைத்துக்கொள்வாள். அது வருசக்கணக்காக நடந்தது.

முருகையா இப்போது கோயம்புத்தூரில் மகள் வீட்டில் இருக்கிறான். போனில் பேசுவான், நான் கேட்பேன். எனக்கு முழங்கால் போனது, கருவாட்டை விட்டேன். மொபெட்டைப் பழைய இரும்புக்குப் போட்டேன். எடைக்கு எடுக்க வந்தவர் அதை ஒரு மாதிரி மோந்துபார்த்து, "இதுல என்னண்ணே ஏத்துனீங்க, பூவா கருவாடா?" என்று கேட்டார். "ரெண்டுந்தான்" என்றேன். அவர் நம்பவில்லை.

போன வெள்ளிக்கிழமை சாயந்தரம் மகள் என்னை அந்தப் புது வண்டியில் வைத்துக் கடைத்தெருவுக்குக் கூட்டிப்போனாள். பங்கைத் தாண்டும்போது கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. நிறுத்தவேண்டியதில்லை என்று பிறகுதான் உறைத்தது. ரெண்டு முழம் மல்லி வாங்கினேன். நல்ல பூ. சுத்தமான பூ.

வீட்டுக்காரி தலையில் வைத்துக்கொண்டாள். நுனியை இழுத்து மோந்துபார்த்தாள்.

"எப்படி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு" என்றாள். உள்ளே போனாள். போனவள் நிலைப்படியில் நின்று இன்னொரு தடவை மோந்தாள்.

"என்னமோ கொறையுதுங்க."