அடுப்பு இருந்த இடம்

மண்வெட்டியைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் கைதட்டத் தோன்றும். சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

அப்போது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. மன்னார்குடியில் ஒரு சைக்கிள் கடையின் மாடியில் ஏழைகளுக்கு உதவும் சின்ன நிலையம் ஒன்று நடந்துவந்தது. அங்கேதான் எனக்கு வேலை. அரசாங்கத்தில் தங்களுக்கு என்ன பாத்தியதை உண்டு என்று தெரியாதவர்களுக்கு அதை எடுத்துச் சொல்ல வேண்டும். மனு எழுதித் தர வேண்டும். பிறகு அவர்கள் கூடவே ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கி, கேட்டது கைக்கு வரும்வரை விடாமல் நிற்க வேண்டும். "இதுக்குப் பேரு வேலையா, சண்டையா?" என்று அப்பா கேட்பார். ரெண்டும்தான் என்பேன். பொறையாறு பக்கத்து லுத்தரன் குடும்பம் எங்களுடையது. எங்கள் வீட்டுப் பெண்கள் வாய்விட்டுச் சத்தம் போடுவது கோயிலில் பாட்டுப் பாடும்போது மட்டும்தான். நான் தாலுக்கா ஆபீஸிலும் சத்தம் போட்டேன். எனக்கு வாய் நீளம், ஒத்துக்கொள்கிறேன். அந்த வேலைக்கு அது இல்லாமல் முடியாது.

கழக ஆட்சியில் ஒரு சட்டம் வந்திருந்தது. மிராசுதாரின் நிலத்தில் அவர் இருக்கச் சொல்லிக் குடிசை போட்டுக் குடியிருக்கும் விவசாயத் தொழிலாளிக்கு, அந்தக் குடிசை நிற்கிற மனை சொந்தம். விஷயம் அவ்வளவுதான். ஆனால் அது ஊருக்குள் நுழைந்தபோது என்ன அமளி! கூலிச் சண்டையில் ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருந்த சீமை அது. அறுவடைக்கு ஒரு பக்கம் செங்கொடி, ஒரு பக்கம் பண்ணை ஆட்கள், நடுவில் போலீஸ் என்று வயலில் இறங்கியிருந்த காலம். அதற்கு மேல் மனையும் போகிறது என்றால் பண்ணைகள் சும்மா இருக்குமா? "இது வீடே இல்லை, கொட்டகை" என்று ஊருக்கு ஊர் ஆட்சேபணை போட்டார்கள்.

அப்படி ஒரு ஆட்சேபணையில் மாட்டிக்கொண்டவர்தான் நான் சொல்ல வந்த அக்கா. மன்னார்குடிக்குத் தெற்கே, முத்துப்பேட்டை போகிற வழியில் ஒரு கிராமம். புருஷன் செத்துப்போயிருந்தார். பெற்ற பிள்ளைகள் பிழைப்பைத் தேடி வெளியூர் போய்விட்டார்கள். நாற்று நட அவர் கைக்கு ஈடு இல்லை என்பார்கள். ஆனால் கூலிப் போராட்டத்தில் முன்வரிசையில் நின்றுவிட்டார், அதனால் பண்ணையில் வேலை கிடையாது. மற்றவர்கள் வீடெல்லாம் தெருவில் வரிசையாக இருந்தன. அவருடைய குடிசை மட்டும் தள்ளி, பண்ணையின் நெல் அடிக்கிற களத்து ஓரத்தில் இருந்தது. அதுதான் வினை. அது களத்துக் காவலுக்குப் போட்ட கொட்டகை, அங்கே யாரும் குடியிருக்கவே இல்லை என்று பண்ணையின் காரியஸ்தர் எழுதிக் கொடுத்துவிட்டார். தாசில்தார் அதை ஏற்றுக்கொண்டால் அக்காவின் தலைக்கு மேல் கூரை இருக்காது. போக வேறு இடமும் கிடையாது.

முதல் தடவை நான் பார்க்கப் போனபோது வாசலில் ஒரு குழியைக் காட்டினார். "தென்னங்கண்ணு வச்சேன் டீச்சரம்மா. காரியஸ்தரு வந்து அவரு கையாலயே புடுங்கி வாய்க்கால்ல போட்டுட்டாரு." தோளில் பை மாட்டிய பெண் யாராக இருந்தாலும் அந்த ஊரில் டீச்சரம்மாதான். குடிசை போட்டுக்கொள்ளலாம், மரம் வைக்கக் கூடாது என்பது பண்ணையின் கட்டுப்பாடு. மரத்தை வைத்தவன் மண்ணையும் கேட்பான் என்று பயம். அன்றைக்கு வந்த ஆத்திரத்தில் திரும்பி வரும்போது பஸ்ஸில் கண்டக்டரோடு காரணமே இல்லாமல் சண்டை போட்டேன்.

தாசில்தார் நேரில் வந்து குடிசையைப் பார்ப்பதாக முடிவானது. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்! அந்தக் குடிசைக்குள் நான் போயிருக்கிறேன். ஒரே அறை. மூலையில் அடுப்பு, அடுப்பைச் சுற்றிச் சட்டி பானை, உறியில் உப்புக் கலயம், கூடைக்கடியில் கோழி. எட்டிப் பார்த்த எந்த மனிதனுக்கும் சந்தேகம் வராது. வந்து பார்க்கட்டும், காரியஸ்தர் முகத்தில் கரி என்று நினைத்துக்கொண்டேன்.

ஆடி மாதம். மேட்டூர்த் தண்ணீர் வாய்க்கால் கொள்ளாமல் ஓடிக்கொண்டிருந்தது. ஜீப் மெயின் ரோட்டிலேயே நின்றுவிட்டதால், தாசில்தார் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு சேற்று வரப்பில் நடந்து வந்தார். பின்னால் காரியஸ்தர் குடையோடு. நான் முன்னால் குதித்துக் குதித்துப் போனேன். குடிசை வாசலில் பெரிய கோலம். மாவிலைகூடக் கட்டியிருந்தது. உள்ளே தலையை விட்டேன்.

ஒன்றுமே இல்லை. சட்டி இல்லை, பானை இல்லை, உறி இல்லை, கோழி இல்லை. அட கடவுளே, அடுப்பே இல்லை! சாணியும் மண்ணும் குழைத்துப் புதிதாக மெழுகிய தரை, அடுப்பு இருந்த மூலையில் ஒரே ஒரு மர நாற்காலி, அதன் மேல் மடித்துப் போட்ட துண்டு. அவ்வளவுதான்.

"அக்கா, அடுப்பு எங்கக்கா?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன்.

"இடிச்சு எடுத்துட்டேன் டீச்சரம்மா. நாக்காலி போட எடம் வேணாமா? ஆபீசர அடுப்பு மேலயா உக்கார வைக்கிறது?"

"சட்டி பானையெல்லாம்?"

"தெருவுல குடுத்து வச்சிருக்கேன். ஓட்டச் சட்டியெல்லாம் பெரிய மனுசங்க கண்ணுல படலாமா? அசிங்கமுல்ல!"

பெருமையாக வேறு சொன்னார். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. பெரிய மனுஷர் வந்தால் தங்கள் புழக்கம் ஒன்றும் அவர் கண்ணில் படாமல் துடைத்து வைப்பது அந்தத் தெருவில் பிறந்தது முதல் பழகிய மரியாதை. வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்த கதையாகிவிட்டது.

தாசில்தார் குனிந்து உள்ளே வந்தார். "உக்காருங்க, உக்காருங்க" என்று அக்கா விடாமல் சொன்னதால் நாற்காலியில் உட்கார்ந்தார். சுற்றுமுற்றும் பார்த்தார். "சமையல் எங்கம்மா பண்றீங்க?" என்றார்.

அக்கா வாயைத் திறப்பதற்குள் காரியஸ்தர் முந்திக்கொண்டார். "நான் சொன்னேன் பாத்தீங்களா சார்? காவக் கொட்டாய். ராத்திரி வருவாங்க, படுப்பாங்க, காலையில எந்திரிச்சுப் போவாங்க. குடித்தனம் பண்ற வூட்டுல அடுப்பு இருக்காதா?"

"முழுப் பூசணிக்காய சோத்துல மறைக்காதீங்க! சார், நீங்க வர்றீங்கன்னுதான் அடுப்ப எடுத்திருக்காங்க" என்று கத்தினேன்.

"அடுப்ப எடுத்தாங்களா? எனக்காகவா?" தாசில்தார் என்னைப் பார்த்த பார்வையில் நான் சொன்னது எனக்கே நம்பும்படி இல்லாமல் போய்விட்டது.

வாசலில் நின்ற பெண்கள் விஷயத்தைப் புரிந்துகொண்டு தெருவுக்கு ஓடினார்கள். ஒருத்தி பானையோடு வந்தாள், ஒருத்தி உறியோடு வந்தாள், ஒருத்தி கோழியைக் காலைப் பிடித்துத் தூக்கி வந்தாள். கோழி போட்ட கூச்சல் எங்கள் எல்லாருடைய கூச்சலையும் தூக்கிச் சாப்பிட்டது. காரியஸ்தர் குடையை ஊன்றிக்கொண்டு சிரித்தார். "பாருங்க சார் நாடகத்த. எல்லாம் இப்பத்தான் வருது."

தாசில்தார் கெட்டவர் இல்லை. ஆனால் பேனாவைத் திறந்துவிட்டார். "அம்மா, கண்ணால பாத்ததத்தான் நான் எழுத முடியும். பானை யாரோடதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அந்தப் பேனா காகிதத்தில் படுவதற்கு முன்னால் எதையாவது செய்ய வேண்டுமே என்று தவித்தேன். என்ன செய்வது? ஒன்றும் ஓடவில்லை. அக்கா தலையைக் குனிந்து ஓரமாக நின்றுகொண்டிருந்தார். அத்தோடு விட்டிருந்தால் காரியஸ்தர் ஜெயித்திருப்பார். அவர் நாக்கில் சனி. அக்கா பக்கம் திரும்பி, "ஒம் புருசனே பண்ணைக் காவக்காரந்தான? இங்க குடும்பம் எங்க நடத்துனான்? வந்து படுத்தான், கெடந்தான், செத்தான்" என்றார்.

அக்கா தலையை நிமிர்த்தினார். அந்தப் பார்வையை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. வெளியே போய்க் கூரையில் செருகியிருந்த மண்வெட்டியை உருவிக்கொண்டு வந்தார். காரியஸ்தர் இரண்டடி பின்னால் போய்க் கோழி மேல் இடித்தார்.

அக்கா அவரைப் பார்க்கவே இல்லை. நேராகத் தாசில்தாரிடம் போனார். "சித்த எந்திரிங்க."

தாசில்தார் எழுந்துவிட்டார்! ஒரு நடவுக்காரி எழுந்திருக்கச் சொல்லி ஒரு தாசில்தார் எழுந்ததை அந்தத் தாலுக்காவில் அதற்கு முன் யார் பார்த்திருப்பார்கள்? அக்கா நாற்காலியைக் காலால் ஒதுக்கிவிட்டு அது நின்ற இடத்தில் ஓங்கி ஒரு வெட்டு வெட்டினார்.

மெழுகிய தரை பிளந்தது. அடியில் சாம்பல். இன்னொரு வெட்டு. சாம்பலுக்கு அடியில் சிவப்பு. அந்த ஊர் மண் எங்கே வெட்டினாலும் கறுப்புக் களிதான், ஆனால் இங்கே செங்கல் மாதிரி வெந்து சிவந்து கிடந்தது. அக்கா நிறுத்தவில்லை. வெட்ட வெட்டச் சிவப்பு. ஒரு சாண் ஆழம் போயும் சிவப்பு. மூச்சு வாங்க ஒரு கட்டியை எடுத்துத் தாசில்தார் கையில் வைத்தார்.

"இது காவக் கொட்டாயிங்களா? நான் பெத்த புள்ளைங்களுக்கெல்லாம் சோறாக்குன எடங்க. எம் புருசனுக்குக் கடசியாக் கஞ்சி காச்சுன எடங்க. சட்டி பானைய அடுத்த வூட்டுல குடுத்து வைக்கலாம். இத நான் எங்கங்க கொண்டு போயி வைப்பேன்?"

தாசில்தார் கட்டியை விரலால் நசுக்கிப் பார்த்தார். உடையவில்லை. காரியஸ்தரிடம் திரும்பி, "எத்தன வருஷம் அடுப்பு எரிஞ்சா களிமண்ணு இப்படி வேகும்?" என்று கேட்டார்.

"ராத்திரியில வெளக்கு வச்சிருப்பாங்க சார்..."

வாசலில் இருந்த கூட்டம் குபீரென்று சிரித்தது. தாசில்தாருக்கே அடக்க முடியவில்லை. நாற்காலியில் திரும்ப உட்காரவில்லை, நின்றபடியே எழுதினார். எழுதியதைச் சத்தமாக வாசித்தும் காட்டினார்: இந்த இடத்தில் நெடுங்காலமாகக் குடியிருப்பு இருந்ததை நேரில் கண்டேன். நடவுப் பெண்கள் குலவை போட்டார்கள் பாருங்கள், வாய்க்கால் கரைக் கொக்கெல்லாம் எழும்பிப் பறந்தது. எனக்குக் குலவை போடத் தெரியாது. ஆனாலும் போட்டேன். கோயிலில் பாடிப் பழகிய குரல், கேட்கவா வேண்டும்!

பட்டா கைக்கு வருவதற்குள் தாலுக்கா ஆபீஸ் படி தேய்ந்துவிட்டது. அது தனி ராமாயணம், விடுங்கள். வந்த அன்றைக்கு அதை எடுத்துக்கொண்டு நானே ஓடினேன். அடுப்பு பழைய மூலையில், பழைய இடத்தில் எரிந்துகொண்டிருந்தது. அக்கா கையைத் துடைத்துக்கொண்டு பட்டாவை வாங்கினார். கண்ணில் ஒற்றினார். உறியில் வைத்தார். பிறகு வாசலுக்கு வந்து அந்தப் பழைய குழியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"டீச்சரம்மா, இங்க ஒரு தென்னங்கண்ணு வச்சுக்கலாமா?"

"தாராளமா வைங்கக்கா."

"பண்ணையில கேக்க வேணாமா?"

"வேணாம்."

"தாசில்தாருகிட்ட?"

"யாருகிட்டயும் கேக்க வேணாங்க்கா. இது ஒங்க மண்ணு."

அக்கா குழியை விட்டுத் திரும்பினார். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அப்பறம் ஒங்கள எதுக்கு நான் கேட்டுக்கிட்டு நிக்கிறேன்?" என்று சொல்லிவிட்டு, மண்வெட்டியை எடுக்கப் போனார்.