பந்தியை ஆயத்தம் செய்து, பந்திக்கு வராமல் இருந்தவர்

செய்தி எனக்கு ஆள் மூலமாக வரவில்லை. சுவர் வழியாக வந்தது. தேயிலைத் தோட்டத்தில் வரிசையாகக் கட்டிய எங்கள் லயத்தில் அன்னக்கனி அக்கா வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒற்றைச் சுவர்தான். அந்தப் பக்கம் கரண்டி விழுந்தால் இந்தப் பக்கம் கேட்கும். போன மாதம் ஒரு வியாழக்கிழமை காலையில், மருமகள் எனக்குப் பால் விடாத கட்டன் சாயா ஊற்றிக்கொண்டிருந்தாள். இரண்டு மாதமாக விடாமல் கேட்டுக்கொண்டிருந்த இருமல் அன்றைக்குக் கேட்கவில்லை. நான் தம்ளரைக் கீழே வைத்தேன். சிறிது நேரத்தில் அவர்களுடைய மகன் "யம்மா, யம்மா" என்று இரண்டு தடவை கூப்பிட்டான். மூன்றாவது தடவை கூப்பிடவில்லை.

"என்ன அத்தை?" என்றாள் மருமகள்.

"போயிட்டாவ" என்றேன்.

அவர்களைப் பற்றி நினைவு மலருக்கு யாராவது எழுத வேண்டும் என்று சபையில் கேட்டபோது, நன்றாக எழுதத் தெரிந்தவர்கள் எத்தனையோ பேர் இருக்க, நான் எழுதுகிறேன் என்று எழுந்து நின்றேன். மூன்றாம் வகுப்புவரைதான் படித்தவள். ஆனால் எனக்கு மறதி கிடையாது. நாற்பது வருடத்துக்கு முன் என் கோழிமேல் விழுந்த கல் யார் கையிலிருந்து வந்தது என்று இன்றும் சொல்வேன். நல்லதும் அப்படியே நினைவிருக்கிறது. கெட்டது கொஞ்சம் கூடுதலாக.

அன்னக்கனி அக்கா கல்யாணமாகித் திருநெல்வேலிப் பக்கமிருந்து இந்த மலைக்கு வந்தபோது அவர்களுக்குப் பத்தொன்பது வயது. எனக்கு இரண்டு வயது குறைவு. கொழுந்து பறிக்கும் நிரையில் எனக்கு அடுத்த நிரை அவர்களுடையது. முதல் நாள் காலில் அட்டை ஏறியதைப் பார்த்துப் பயந்து அழுதார்கள். "ஊருக்கே போயிருவேன் சாராள், சத்தியமாப் போயிருவேன்" என்றார்கள். "போங்க, அட்டையும் கூடவே வரும்" என்றேன். அழுதுகொண்டே சிரித்தார்கள். அதன் பிறகு ஐம்பது வருடம் எங்கேயும் போகவில்லை.

என் மூத்த மகள் மெர்சி பிறந்தது வீட்டில் அல்ல, ஆஸ்பத்திரியிலும் அல்ல. மழை பெய்துகொண்டிருந்த ஒரு காலையில், மேல்மலைக்கு ஏறுகிற வழியில் எனக்கு வலி கண்டுவிட்டது. ஜீப்புக்கு ஆள் ஓடியது. ஜீப் வருமுன் பிள்ளை வந்துவிட்டது. பிள்ளை விழுந்தது அன்னக்கனி அக்கா கையில். தலையில் போட்டிருந்த கொங்காணிச் சாக்கை எடுத்து எனக்கு மேல் போர்த்திவிட்டு, அவர்கள் நனைந்துகொண்டே நின்றார்கள். இதை எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது, பின்னால் வரும்.

எங்கள் கோயிலில் மாதம் ஒரு ஞாயிறுதான் திருவிருந்து, அப்பமும் திராட்சரசமும் வாங்குகிற கர்த்தருடைய பந்தி. மூணாற்றிலிருந்து குருவானவர் வர வேண்டும். மற்ற ஞாயிறுகளில் உபதேசியார் ஜெபம் நடத்துவார். திருவிருந்துக்கு முந்தின சனிக்கிழமை சாயங்காலம் ஆயத்தக் கூட்டம். நாளைக்குப் பந்தியில் சேருகிறவர்கள் அன்றைக்கே பெயர் கொடுக்க வேண்டும். உபதேசியார் நோட்டை விரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொருவரையும் ஒரே கேள்விதான் கேட்பார். "யாரோடயாவது மனசில கசப்பு உண்டுமா?" இல்லை என்றால் பெயர் எழுதுவார். உண்டு என்றால், "போய்ச் சரிபண்ணிட்டு வாங்க, நோட்டு இங்கதான் இருக்கும்" என்பார். அந்தச் சனிக்கிழமைகளில் எங்கள் லயத்தில் எத்தனை சண்டை தீர்ந்திருக்கிறது தெரியுமா. இருட்டுமுன் ஓடிப்போய், "யக்கா, அன்னைக்குச் சொன்னத மனசில வச்சிக்கிடாதிய" என்று வாசலில் நின்றே சொல்லிவிட்டுத் திரும்ப ஓடிவருவார்கள்.

பந்திக்கான திராட்சரசம் அன்னக்கனி அக்கா பொறுப்பு. வெள்ளிக்கிழமை உலர்ந்த திராட்சையை ஊறவைத்து, சனிக்கிழமை காய்ச்சி, வெள்ளைத் துணியில் வடிகட்டி, இரண்டு பாட்டிலில் ஊற்றுவார்கள். காய்ச்சும்போது நாக்கில் வைக்கமாட்டார்கள். "பந்தியில வைக்கப்போறத அடுப்படியில ருசி பாக்கப்படாது" என்பார்கள். ஞாயிற்றுக்கிழமை பந்தியில் குடிக்கும்போதுதான் அவர்களுக்கே ருசி தெரியும். புளித்திருந்தால் அடுத்த மாதம் சீனி கூட்டுவார்கள்.

இனி நடந்த கெட்டதைச் சொல்கிறேன்.

மெர்சிக்குச் சின்ன வயதில் மூன்று தடவை வலிப்பு வந்தது. மூன்றும் வீட்டுக்குள் வந்தது. எனக்கும் என் வீட்டுக்காரருக்கும், சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த அக்காவுக்கும் தவிர வேறு யாருக்கும் தெரியாது. பிள்ளைக்கு இருபத்திரண்டு வயதில் போடியிலிருந்து ஒரு நல்ல இடம் வந்தது. பாக்கு வெற்றிலை மாற்ற வேண்டியதுதான் பாக்கி. அப்போது மாப்பிள்ளையின் தாயார் தனியாக வந்து அக்காவிடம் விசாரித்தார்களாம். அக்கா உள்ளதைச் சொல்லிவிட்டார்கள். இடம் போய்விட்டது.

மறுநாள் அக்கா என் வாசலுக்கு வந்தார்கள். "சாராள், நான் சொன்னது பொய்யில்ல. ஆனா உங்கிட்ட முதல்ல வந்திருக்கணும். அது என் தப்பு" என்றார்கள். "என் பிள்ளைய முதல்ல தூக்கின கையி, அதே கையால கிணத்தில போட்டுட்டிய" என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். பதினான்கு வருடம் அந்தக் கதவை அவர்களுக்குத் திறக்கவில்லை. குழாயடியில் அவர்கள் வந்தால் நான் குடத்தை எடுத்துக்கொண்டு வந்துவிடுவேன், பாதிதான் நிறைந்திருந்தாலும்.

அதற்கு அடுத்து வந்த ஆயத்தக் கூட்டத்தில் உபதேசியார் என்னைக் கேட்டார். "கசப்பு இல்லைங்கய்யா" என்றேன். அது பொய் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. கசப்பெல்லாம் கிடையாது, அந்த முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அடுத்து அக்காவைக் கேட்டார். "இந்த மாசம் எம்பேரு வேண்டாங்கய்யா" என்றார்கள். காரணம் கேட்டார், சொல்லவில்லை. மறு மாதமும் அதேதான். அதற்கு மறு மாதமும். ரசம் மட்டும் தவறாமல் வரும். பாட்டில்களைப் பீடத்தில் வைத்துவிட்டு, பின்னாலிருந்து மூன்றாவது பெஞ்சில், ஜன்னல் ஓரத்தில் போய் உட்கார்ந்துகொள்வார்கள். நாங்கள் எல்லோரும் முன்னால் போய் முழங்காற்படியிடுவோம்.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கிறது, அதுதான் வரத் துணிவில்லை என்று நினைத்தேன். உள்ளதை எழுதுகிறேன்: அவர்கள் பெஞ்சில் இருக்க, நான் பந்திக்கு நடந்துபோவது எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

பிறகு மெர்சிக்குக் கல்யாணம் ஆயிற்று. வலிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறாள் என்று தெரிந்தே கட்டிக்கொண்ட நல்ல பையன். ஊருக்கு வரும்போதெல்லாம் என் வீட்டில் பையை வைத்துவிட்டு நேரே அடுத்த வீட்டுக்குப் போவாள். நான் கத்துவேன். ஒரு நாள் திருப்பிச் சொன்னாள்: "யம்மா, ஒளிச்சு வச்சுக் கட்டிக் குடுத்திருந்தா, அந்த வீட்டில நான் விழுந்த அன்னைக்கு என்னைத் தூக்க ஆள் இருந்திருக்காது." அவள் சொன்னது நியாயம் என்பது ஒன்று. மனம் இறங்குவது வேறொன்று.

இந்த வருடம் மழைக்குப் பின் அக்கா படுத்துவிட்டார்கள். நுரையீரல். பஞ்சாயத்திலிருந்து வந்த நர்ஸ் சிஸ்டர், எழுந்து நடக்க முடியாதவர் என்பதற்கு மலையாளத்தில் "கிடப்பு ரோகி" என்று எழுதிக்கொண்டு போனார். இறப்பதற்கு முந்தின ஞாயிறு, ஆராதனை முடிந்து, புதிதாக வந்திருக்கும் இளவயதுக் குருவானவர் அப்பமும் ரசமும் எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்கு வந்தார். அந்த வாரம் ரசம்கூட அக்காதான், கட்டிலில் படுத்தபடி அவர்கள் மருமகளுக்குச் சொல்லிச் சொல்லிக் காய்ச்ச வைத்தது. சுவர் வழியாக எல்லாம் கேட்டேன்.

உபதேசியார் என் வாசலுக்கு வந்தார்.

"சாராளம்மா, அக்கா வாங்கமாட்டேங்கிறாவ. நீங்க வரணுமாம்."

"நான் எதுக்கு? அப்பம் குடுக்க என்ன ஐயரா நான்?"

"அவங்க மேல உங்களுக்கு மனத்தாங்கல் இருக்காம். அது இருக்கிறவரைக்கும் அவங்க கையேந்தப்படாதாம். இத்தனை வருசமும் அதுக்குத்தான் பேரு குடுக்கலையாம். இன்னைக்குத்தான் வாயத் திறந்து சொல்லுதாவ."

எனக்காகப் பந்திக்கு வராமல் இருந்திருக்கிறார்கள். பதினான்கு வருடம், மாதா மாதம், என் பெயரை ஒருவரிடமும் சொல்லாமல்.

போனேன். நான்கு எட்டு தூரம்தான். அக்கா கட்டிலில் பாதியாகிக் கிடந்தார்கள்.

"வந்துட்டியா பிள்ள?" என்றார்கள்.

"ஏன் சொன்னிய அன்னைக்கு?" என்று கேட்டேன். நலம் விசாரிக்கவில்லை, பதினான்கு வருடமாக என் நாக்கில் இருந்தது அதுதான்.

இருமி முடித்துவிட்டுச் சொன்னார்கள். "அந்த அம்மா சனிக்கிழமை வந்தாவ. பேரு குடுத்துட்டு வந்து நிக்கேன். 'நாளைக்குக் கர்த்தருடைய பந்திக்குப் போறவிய, உள்ளதச் சொல்லுங்க'ன்னு கேட்டுட்டாவ. என்ன செய்யச் சொல்லுத?"

"இத அப்பவே எங்கிட்டச் சொல்லிருக்கலாமே."

"சொல்லிருந்தா உனக்குக் கர்த்தர் மேலேயும் கோவம் வந்திருக்கும். எம்மேல மட்டும் இருந்துட்டுப் போகட்டும்னுதான்."

பந்திக்காக உண்மை சொன்னவர்கள், அந்த உண்மையாலேயே பந்தியை விட்டு விலகியிருந்திருக்கிறார்கள். குருவானவர் ஒரு ஓரமாக நின்றுகொண்டிருந்தார். அக்கா என் முகத்தையே பார்த்தார்கள்.

"இப்பச் சொல்லு. மனசில இருக்கா, போயிட்டா? எனக்காகப் பொய் சொல்லாத."

போய்விட்டது என்று சொல்லியிருக்கலாம். மாதா மாதம் சொல்லிப் பழகிய பொய்தான். அன்றைக்கு வரவில்லை.

"பாதி போயிருக்கும்" என்றேன்.

அக்கா சிரித்தார்கள். அட்டை ஏறிய நாளில் சிரித்த அதே சிரிப்பு. "அப்ப எனக்குப் பாதி போதும்யா" என்றார்கள் குருவானவரிடம்.

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. உபதேசியாரைப் பார்த்தார். உபதேசியார் தலையசைத்தார். அந்தச் சின்ன அப்பத்தை இரண்டாக உடைத்து ஒரு பாதியை அக்காவின் நாக்கில் வைத்தார். மறு பாதியை என் பக்கம் நீட்டினார். "நான் பேரு குடுக்கலைங்கய்யா" என்றேன். முந்தின நாள் பெயர் கொடுத்து, காலையில் கோயிலில் வாங்கியவள்தான் நான்; இப்போது கேட்டால் கசப்பு இல்லை என்று சொல்லியிருக்க முடியாது. மீதி வைக்கக் கூடாது என்று அதை அவரே உட்கொண்டார். பிறகு ரசத்தை ஒரு கரண்டியில் கொடுத்தார். அக்கா வாயில் வைத்துக்கொண்டு முகத்தைச் சுளித்தார்கள்.

"ஏளா, இம்புட்டுப் புளிப்பா? இத்தனை வருசமும் இதத்தான் குடிச்சியளா? ஒருத்தரும் சொல்லலையே."

திராட்சை வாங்கும் கடை மாறியதிலிருந்தே புளிப்புதான். மற்றவர்கள் மரியாதைக்காகச் சொல்லவில்லை. நான் வன்மத்துக்காகச் சொல்லவில்லை.

அதற்கு நான்காம் நாள் வியாழக்கிழமை. மீதிப் பாதியைக் கரைக்க எனக்கு மூன்று நாள் கிடைத்தது. தினமும் கஞ்சி கொண்டுபோனேன். மெர்சியின் பிள்ளை படிப்பைப் பற்றிப் பேசினோம். மனதில் மீதி இருந்ததை மட்டும் பேசவில்லை. நாளைக்கு ஆகட்டும் என்று இருந்துவிட்டேன். அடக்கத்தின்போது மெர்சி என்னைவிடக் கூடுதலாக அழுதாள். முதலில் தன்னைத் தூக்கிய கையை அவள்தான் கடைசியாக மடித்து வைத்தாள்.

போன சனிக்கிழமை ஆயத்தக் கூட்டம். உபதேசியார் வழக்கம்போல நோட்டை விரித்துக் கேட்டார். "இந்த மாசம் எம்பேரு வேண்டாங்கய்யா" என்றேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. மறுநாள், பின்னாலிருந்து மூன்றாவது பெஞ்சில் ஜன்னல் ஓரத்தில் போய் உட்கார்ந்தேன். அங்கே இதற்குமுன் நான் உட்கார்ந்ததில்லை. எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டு முன்னால் போய் முழங்காற்படியிட்டார்கள். அந்த இடத்திலிருந்து பார்த்தால் அவர்களுடைய முகம் தெரிவதில்லை. வரிசையாக உள்ளங்கால்கள்தான் தெரிகின்றன. வெடித்த குதிகால்கள், தேயிலைச் செடி கீறிய தழும்புகள், அட்டை கடித்த கறுப்புப் புள்ளிகள். எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கின்றன. எது யாருடையது என்று சொல்ல முடியவில்லை.

பதினான்கு வருடம் நான் நிமிர்ந்து நடந்துபோய் முழங்காற்படியிட்டபோதெல்லாம், அக்கா, நீங்கள் இங்கே உட்கார்ந்து என் உள்ளங்கால்களைப் பார்த்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்தீர்கள்.

நிம்மதியாகப் போய் இளைப்பாறுங்கள். அடுத்த மாதமும் உபதேசியார் கேட்பார். மனதில் எவ்வளவு இருக்கிறதோ, அதை அப்படியே சொல்வேன்.