கடற்பசுவும் மூட மறந்த இலக்கமும்

இன்று கிளிநொச்சி பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர், கேட்காமலே தன் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"எங்கட ஊர்ப் பெடியள் பிடிச்சது. பாருங்கோ தங்கச்சி."

வீடியோவில், வலையில் சிக்கிய கடற்பசு. வாலில் கயிறு கட்டிப் படகோடு இழுக்கிறார்கள். மூச்சு விடத் தலையைத் தூக்கும்போதெல்லாம் ஒருவன் கோடரியின் பின்பக்கத்தால் மண்டையில் அடிக்கிறான். ஐந்தாவது அடியில் தண்ணீர் சிவந்துவிட்டது. அப்போதும் அதன் குட்டி பால் தேடித் தாயை முட்டிக்கொண்டே இருந்தது.

பிறகு குட்டிக்கும் ஓர் அடி.

"இதைப் பிடிக்கக் கூடாதெல்லோ?" என்றேன்.

"ஓம். அதுதான் எல்லாரும் முகத்தை மூடியிருக்கினம். கெட்டிக்காரர்."

முகங்களில் சாரத் துணி சுற்றியிருந்தது உண்மைதான். ஆனால் படகின் பக்கத்தில், நேவிக்குத் தூரத்திலேயே தெரியவேண்டுமென்று முழ உயரத்தில் எழுதிய பதிவு இலக்கம் அப்படியே கிடந்தது. அதைச் சத்தமாக வாசித்தேன்.

அவர் போனை மடியில் கவிழ்த்தார்.

"அது என்ர மச்சான்ர போட். பிள்ளைகுட்டிக்காரன், தங்கச்சி."

"அதுவும் பிள்ளைக்காரிதான், அண்ணை."

அடுத்த தரிப்பிலேயே இறங்கிவிட்டார்.

இலக்கம் எனக்கு மனப்பாடம். யாரிடம் கொடுத்தால் உண்மையாகவே போய்ப் பிடிப்பார்கள்? தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். "பாவம்" என்று மட்டும் எழுத வருகிறவர்கள், தயவுசெய்து முகத்தை மூடிக்கொண்டு போங்கள்.