சுட்ட வசம்பின் மணம்

பக்கத்து வீட்டில் வசம்பு சுடுகிறார்கள். அந்த மணத்தில் நெடுங்கேணி வீட்டுக் குசினிக்குள், அம்மாவின் அடுப்படியில், மறுபடி நிற்கிறேன்.

அப்போது ஐந்து வயதாகியும் தங்கை மலருக்குச் சொற்கள் கோவையாக வரவில்லை. பேச்சு வருமென்று அம்மா வசம்பைச் சுட்டு உரைத்து அவள் நாக்கில் தடவுவார்; அவள் அழுவாள். ஒருநாள் அம்மா தன் நாக்கிலும் தடவிப் பார்த்தார். முகம் சுருங்கியது. உரைத்த கல்லைக் கழுவிக் கவிழ்த்தார்.

"இனி வேண்டாம் குஞ்சு. நீ ஆறுதலாச் சொல்லு, நான் கேக்கிறன்."

அதன்பின் மலர் வாய் திறந்தாலே நெல் புடைக்கும் அம்மாவின் சுளகு அந்தரத்தில் நின்றுவிடும். உமி மெல்ல மெல்ல முற்றத்தில் இறங்கும்.

"வெள்ளை... குளம்... மேல..."

'கொக்கு' என்று நான் முந்தப் போனால் அம்மா என் வாயைப் பொத்துவார்.

இப்போது தொலைபேசி அடிக்கிறது. மலர்தான். "அக்கா, நான்..." என்று தொடங்கி நிற்கிறாள்.

என் கையில் சுளகு இல்லை. ஆனாலும் அசையாமல் நிற்கிறேன்.