தைப்பிங்குக்குப் போன ரப்பர் ஷீட்

மலாயாவில், எங்கள் பேராக் பக்கம் குளிர் கிடையாது என்று யாராவது சொன்னால் எனக்குச் சுள்ளென்று கோபம் வரும். எங்கள் ரப்பர் தோட்டத்துப் பெரிய துரை அப்படித்தான் சொல்வார். அவர் ஊரில் வாளித் தண்ணீர் கல்லாக உறைந்துவிடுமாம், இதெல்லாம் ஒரு குளிரா என்று சிரிப்பார். சரி துரை, கார்த்திகை மாத அடைமழையில், விடியற்காலையில், மோட்டார் சைக்கிளில் ஏறி நாற்பது மைல் போய்ப் பாருங்கள் என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வேன். வாய்விட்டுச் சொல்ல முடியுமா? நான் அவரிடம் சம்பளம் வாங்கும் கிராணி. கணக்கு எழுதுகிறவன் துரைக்குக் குளிரைப் பற்றிப் பாடம் எடுக்கக்கூடாது.

அந்த மோட்டார் சைக்கிள் முன்பு சின்னத் துரையுடையது. அவர் சீமைக்குத் திரும்பியபோது அதை யாரும் கேட்கவில்லை. பாதி நாள் கிளம்பாது, மீதி நாள் நிற்காது. என்னிடம் விட்டுவிட்டுப் போனார். பக்கத்தில் ஒரு ஆள் உட்காருகிற மாதிரி தகரத்தில் ஒரு பெட்டி மாட்டியிருக்கும். லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் தோட்டத்து ஜனங்கள் அதைத் தொட்டி என்பார்கள். தொட்டியோடு சேர்த்து அந்த வண்டிமேல் எனக்கு ஒரே பித்து. ஈப்போவுக்கு வடக்கே அப்போது வண்டி வைத்திருந்த தமிழன் நான் ஒருவன்தான் என்று நானாகவே முடிவு செய்து வைத்திருந்தேன்.

பெண் பார்க்க அதில்தான் போவேன் என்று பிடிவாதம் பிடித்தது அதனால்தான். பெண் தைப்பிங்கில். அவள் அப்பாவுக்கு அங்கே அரசாங்க ஆபீசில் வேலை. ஈப்போவில் ஒரு கல்யாணத்தில் அவளை ஒரு தடவை பார்த்திருக்கிறேன். பந்தியில் முந்திக்கொண்டு உட்கார்ந்த ஒரு பெரிய மனிதரைப் பார்த்து, "கொழந்தைங்க இன்னும் சாப்புடல, எந்திரிங்க" என்றாள். அவர் எழுந்தார். நான் அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை.

ஆனால் டவுன்காரர்கள் தோட்டத்துக்குப் பெண் கொடுக்க மாட்டார்கள். மலேரியா, கொசு, லயம், ரப்பர் நாற்றம் என்று ஆயிரம் காரணம் சொல்வார்கள். ஏற்கெனவே இரண்டு வீட்டில் என்னைப் பார்த்துவிட்டு, "லெட்டர் போடுறோம்" என்றார்கள். லெட்டர் வரவே இல்லை. இது மூன்றாவது வீடு. மார்கழி பிறந்துவிட்டால் பெண் பார்க்கக்கூடாது. கார்த்திகையில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு வெள்ளிக்கிழமை. அன்றைக்குப் பத்தரைக்கு ராகு காலம். அதற்குள் போய், பார்த்து, வாசலைத் தாண்டிவிட வேண்டும்.

"ரயில்ல போலாம்டா" என்றாள் அக்கா. அப்பா அம்மா இல்லாத வீட்டில் எனக்கு எல்லாமே அக்காதான்.

"ரயில்ல எவன் வேணாலும் போவான்க்கா. வண்டியில போய் எறங்கினா அந்த மனுசன் வாயத் தொறப்பாரா?"

"நீ போயி எறங்குவ, நான் தொட்டியில மொதப்பேன்" என்றாள். ஆனாலும் வந்தாள். போகிற வழியெல்லாம் எனக்குப் புத்தி சொல்லிக்கொண்டே வரலாம் அல்லவா.

வெள்ளிக்கிழமை விடியும்போது மழை கொட்டியது. மழையில் ரப்பர் மரம் சீவிப் பால் எடுக்க முடியாது. அதனால் தோட்டமே வேலையில்லாமல் கூரை ஓரமாக நின்று எங்களை வேடிக்கை பார்த்தது. வண்டியைக் கிளப்ப உதைத்து உதைத்தே பாதி விறைத்துவிட்டேன். பல் தந்தியடித்தது. அப்போதுதான் எனக்கு அந்த அபாரமான யோசனை வந்தது. ரப்பர் ஷீட் காய்கிற புகைக்கூடு பக்கத்திலேயே இருந்தது. உள்ளே ஓடினேன். மூங்கில் கழியில் தொங்கிய ஷீட்டில் ஒன்றை உருவினேன். ஆகா, அப்பளம் மாதிரி சூடு! சட்டைக்கு மேல் மார்பில் அதைச் சுற்றி, கோட்டைப் போட்டுப் பொத்தான் மாட்டினேன். அக்கா மடிக்கும் ஒன்று. அதன்மேல் தாம்பூலத் தட்டு, அதற்குமேல் ஓலைத் தொப்பி. மழைநீர் ரப்பருக்குள் போகாது, குளிர் உள்ளே வராது. இத்தனை வருசமாக யாருக்கும் இது தோன்றவில்லையே என்று எனக்கு ஒரே பெருமை.

முதல் பத்து மைல் சொர்க்கம். அதற்குப் பிறகு ஷீட் ஆறிவிட்டது. விரல் ஒவ்வொன்றாகச் செத்தது. மழைத்துளி முகத்தில் ஊசி மாதிரி இறங்கியது. தொட்டியில் தண்ணீர் சேரச் சேர, அக்கா பால் சேர்க்கிற மங்கினால் மொண்டு மொண்டு வெளியே ஊற்றினாள். ஊற்றும் ஒவ்வொரு மங்குக்கும் எனக்கு ஒரு வசவு.

பேராக் ஆற்றைக் கடக்க அப்போது மிதவைப் பாலம்தான். ஆறு பொங்கி ஓட, பாலம் முழுவதும் ஏறி இறங்கியது. அக்கா கண்ணை மூடிக்கொண்டு முருகா முருகா என்றாள். நான் கண்ணைத் திறந்துகொண்டே சொன்னேன்.

கோலாகங்சாரில் ஒரு ராவுத்தர் கடையில் காப்பி குடிக்க நின்றோம். கண்ணாடி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டேன். கடைக்காரர் மூக்கைச் சுருக்கி அங்கும் இங்கும் பார்த்தார்.

"என்ன தம்பி, பக்கத்துல எங்கயாச்சும் ரப்பரு வேகுதா?"

"எனக்கு ஒண்ணும் தெரியலயேண்ணே" என்றேன். சத்தியமாகத் தெரியவில்லை. பிறந்ததிலிருந்து அந்த வாடையில் வளர்ந்த மூக்கு எனக்கும் அக்காவுக்கும். மனிதர் வேடிக்கை பேசுகிறார் என்று சிரித்துவிட்டு வண்டியில் ஏறினேன்.

தைப்பிங் வந்தபோது பத்து அடிக்க ஐந்து நிமிடம். மழை அங்கேதான் குடியிருக்கிறது போலிருந்தது. பலகை வீட்டின் படியேறினோம். பெண்ணின் அப்பா ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு வாசலில் நின்றார். இஸ்திரி போட்ட வேட்டி, மூக்குக் கண்ணாடி. மேசைமேல் அன்றைய தமிழ்ப் பேப்பர் மடிப்புக் கலையாமல் இருந்தது. தரகர் முன்பே எச்சரித்திருந்தார்: அந்த வீட்டில் அவர் படிக்கும்வரை பேப்பரை யாரும் தொடக்கூடாது. ஆபீஸ் விட்டு வந்து, குளித்து, விளக்கேற்றிய பிறகுதான் பிரிப்பாராம்.

"கோட்டெல்லாம் ஈரமா இருக்கே, கழட்டிப் போடுங்க" என்றார்.

நான் ஷீட்டைச் சுத்தமாக மறந்துவிட்டேன். பொத்தானை அவிழ்த்தேன். ரப்பர் ஷீட் வழுக்கி, அவர் காலடியில் சப்பென்று விழுந்தது. நாற்றம் அறை முழுவதும் பரவியது. அப்போதுதான், அந்தச் சுத்தமான வீட்டில், என் வாழ்நாளில் முதன்முறையாக அது எனக்கே நாறியது. புளித்த பாலும் புகையும் கலந்த நாற்றம். குனிந்து பார்த்தால் என் வெள்ளைச் சட்டையில் ஷீட்டின் வரிகள் பழுப்பாக அச்சு விழுந்திருந்தன. உள்ளறை வாசலில் நின்ற பெண்கள் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டார்கள்.

மானம் போயிற்று. மார்பை மறைக்க ஏதாவது வேண்டும். கை நீண்டு மேசைமேல் இருந்த பேப்பரை எடுத்துவிட்டது.

"அது இன்னிக்கிப் பேப்பரு" என்றார் அவர்.

தீப்பட்டது போல் கீழே வைத்தேன்.

அக்கா விடவில்லை. "மொதல் தர ஷீட்டுங்க அது. எங்க தோட்டத்துச் சரக்கு" என்றாள், ஏதோ சீர்வரிசை கொண்டுவந்தவள் போல. யாரும் சிரிக்கவில்லை.

அவர் ஷீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஏன், இன்னிக்கி ரயில் ஓடலியா?"

பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் குளிரில் மூளையும் விறைத்துவிட்டது. "ஓடுதுங்க. வண்டியக் காட்டணும்னு நெனச்சேன்" என்றேன்.

உள்ளேயிருந்து களுக்கென்று ஒரு சிரிப்பு. யார் சிரிப்பு என்று எனக்குத் தெரியும். உடனே அடங்கிவிட்டது.

அவள் காப்பி கொண்டுவந்து வைத்தாள். என் சட்டையைப் பார்த்தாள், என் நீலம் பாரித்த விரல்களைப் பார்த்தாள், போய்விட்டாள். காப்பி நாக்கைச் சுட்டது. அவர் கடிகாரத்தைப் பார்த்து, "ராகு காலம் வந்துரும்" என்று எழுந்தார். தாம்பூலத் தட்டை வாங்கிக்கொள்ளவில்லை. "லெட்டர் போடுறேன்" என்றார். அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்படி ஆசைப்பட்டிருந்தேன். கோட்டை மாட்டிக்கொண்டு ஷீட்டைச் சுருட்டினேன்.

படியிறங்கும்போது பின்னால் வளையல் சத்தம். அவள் அக்காவிடம் வந்து நின்றாள். கையில் அந்தப் பேப்பர்.

"அக்கா, ரப்பரு வேணாம். இத மடிச்சு நெஞ்சுல வச்சுக்கச் சொல்லுங்க. குளிரு தாங்கும்."

"ஏம்மா! நான் இன்னும் படிக்கலியே!" என்று அவள் அப்பா அலறினார்.

"அவங்க நாப்பது மைலு போவணும்ப்பா" என்றாள். அவ்வளவுதான். அவர் வாயைத் திறந்தபடி நின்றார்.

திரும்பும் வழி முழுவதும் மழை. குளிர் இருந்ததா என்று எனக்கு ஞாபகமில்லை.

வீட்டுக்கு வந்ததும் அக்கா பேப்பரை என் மார்பிலிருந்து உரித்தெடுத்தாள். ஈரத்தில் ஒட்டிக் கிடந்த தாள்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் புகைக்கூட்டுக்குக் கொண்டுபோனாள்.

"பைத்தியமா ஒனக்கு?"

"அந்த மனுசன் படிக்காத பேப்பர்டா. திருப்பிக் குடுக்கணுமில்ல?" என்று ரப்பர் ஷீட்டுகளுக்கு நடுவே மூங்கில் கழியில் அவற்றைத் தொங்கவிட்டாள்.

மார்கழி முழுவதும் லெட்டர் இல்லை. தபால் பை வரும் நேரமெல்லாம் ஆபீசில் என் பேனா தானாக நின்றது. எல்லாரிடமும் எரிந்து விழுந்தேன். தை பிறந்த மூன்றாம் நாள் வந்தது. இரண்டே வரி. "அன்று எடுத்துச் சென்ற பேப்பரைத் தாங்களே நேரில் கொண்டுவந்து தரவும். தமக்கையாரும் உடன் வரவும்."

இந்த முறை வாயைப் பொத்திக்கொண்டு ரயிலில் போனேன். அவர் படியில் நின்று தெருவை எட்டிப் பார்த்தார்.

"வண்டி வரலியா? அன்னிக்கி நான் சரியாப் பாக்கலியே" என்றார். எனக்கு அங்கேயே முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

அக்கா பேப்பரை நீட்டினாள். பழுப்பேறி, மொரமொரவென்று இருந்தது. அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, முதல் பக்கத்தில் ஆரம்பித்தார். ஒரு வார்த்தை விடாமல் படித்தார். ஒரு மாதத்துக்கும் மேலான பழைய சேதி, ஒவ்வொரு தாளையும் புரட்டும்போது புகைக்கூட்டு நாற்றம் எழும்பியது. கடைசித் தாளையும் முடித்து, மடித்து, மகளைக் கூப்பிட்டார்.

"நீ குடுத்த பேப்பரு. இந்தா, மோந்து பாத்துச் சொல்லு."

அவள் வாங்கினாள். முகத்தருகே கொண்டுபோனாள். அந்த நாற்றத்தை அவள் இழுத்த இழுப்பு எனக்குக் கேட்டது. மூக்கைச் சுருக்கினாள். என் உயிரே போய்விட்டது.

"பழகிரும்ப்பா" என்றாள்.

அக்கா தாம்பூலத் தட்டை எடுத்து நீட்டினாள். அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.