லாம்ரியா எழுந்து நின்ற இரண்டு ஞாயிறுகள்

லும்பன் கோரத் ஊரில் ஒரு பெண்மணி செத்து, மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்து, நேரே கோயிலுக்கு வந்து உட்கார்ந்துவிட்டதாகச் செய்தி. கிளம்பியது ஞாயிறு மதியம். திங்களன்று எங்கள் ஊர்க் கள்ளுக்கடைக்கு வந்து சேர்ந்தபோது அதில் ஒரு சவப்பெட்டி கூடியிருந்தது. செவ்வாய்க்கிழமை மினிபஸ்ஸில் இரண்டு தேவதூதர்கள் ஏறிக்கொண்டார்கள். புதன்கிழமை ஒருவர், அந்தப் பெண்மணி தன் மாமனாரைப் பரலோகத்தில் பார்த்ததாகவும், அவர் அங்கேயும் சீட்டாடிக்கொண்டிருந்ததாகவும் சொன்னார். மாமனார் சீட்டாடியதை நான் நம்பினேன். மற்றதை விசாரிக்க வியாழக்கிழமை படகேறினேன்.

இறந்தவர் வாசலில் உட்கார்ந்து மீன் செதில் சுரண்டிக்கொண்டிருந்தார்.

பெயர் லாம்ரியா. வயது அறுபத்து மூன்று. சனிக்கிழமைச் சந்தையில் கெண்டை விற்பவர். கணவர் காலமாகிவிட்டார். மகன் பாத்தாம் தீவில், மகள் பெகாசி நகரத்தில். தோபா ஏரிக்கரையில் நாங்கள் பிள்ளை பெறுவதே வெளியூர்களுக்கு ஆள் அனுப்பத்தான்.

"செத்துப் பிழைச்சது நீங்கதானா, இனாங்?" என்று கேட்டேன். எங்கள் பக்கத்தில் மரியாதைக்குப் பெண்களை அப்படித்தான் கூப்பிட வேண்டும், ஆண்களை 'அமாங்' என்று.

"பிழைச்சது நான்தான். சாகடிச்சது சகாலா," என்றார், தலையை நிமிர்த்தாமல். "கொஞ்சம் தள்ளி உக்காருங்க. செதில் தெறிக்கும். அப்புறம் அதையும் பத்திரிகையில எழுதுவீங்க."

சகாலா அந்த ஊர்ச் சபை மூப்பர். நில அளவை அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் முன்கூட்டியே செய்து முடிக்கும் மனிதர். தன் கல்லறைக்கு நான்கு வருடம் முன்பே சுண்ணாம்பு அடித்துவிட்டார். திருச்சபை ஆண்டின் கடைசி ஞாயிறன்று, அந்த ஆண்டில் இறந்தவர்களின் பெயர்களை ஆராதனையில் வாசிப்பது எங்கள் வழக்கம். ஒரு பெயருக்கு ஒரு மணியடி. அந்த வீட்டார் எழுந்து நிற்பார்கள். பட்டியல் சகாலாவின் பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமைக்கு உரியதைப் புதன்கிழமையே அச்சுக்குக் கொடுத்துவிடுவார்.

அந்தப் புதன்கிழமை லாம்ரியாவுக்கு நுரையீரலில் சளி கட்டிக் கடும் காய்ச்சல். ஆஸ்பத்திரியில் கைவிரித்து, வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சகாலா வந்தார். கண்ணீர் வழிய ஜெபித்தார். சனிக்கிழமை தாண்டாது என்று டாக்டர் சொன்னதைக் கேட்டுக்கொண்டார். வீட்டுக்குப் போய், பட்டியலில் முப்பத்தொன்றாவது பெயராக லாம்ரியாவைச் சேர்த்து அச்சுக்குக் கொடுத்தார். டாக்டர் மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

வெள்ளிக்கிழமை காலையில் லாம்ரியா கண் விழித்து, ஆண்டலிமான் மிளகு போட்ட கெண்டைக் குழம்பு கேட்டார். நாக்கு மரத்துப்போகும் அந்தக் குழம்பைக் குடித்து வியர்த்ததும் காய்ச்சல் இறங்கியது. சமைத்துக் கொடுத்த பக்கத்து வீட்டுக்காரி வேறு சபை. ஆகவே சகாலாவுக்குத் தகவல் சொல்லும் கடமை அவளுக்கு இல்லை.

ஞாயிறன்று நன்றி சொல்லக் கோயிலுக்கு வந்த லாம்ரியா, தாமதமாக வந்ததால் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். முப்பது பெயர்கள் போயின. முப்பத்தொன்றாவது பெயர் வந்தது. மணியும் அடித்தது. யாரும் எழவில்லை.

"பேர் வாசிச்சதுகூடப் பெரிசில்ல," என்றார் என்னிடம். "ஒரு ஆளும் எழுந்திரிக்கல பாருங்க, அதுதான் குத்திச்சு. நாப்பது வருஷம் இந்தக் கோயில் பாட்டுக்குழுவுல தொண்டை கிழியப் பாடியிருக்கேன். என் பேருக்கு நிக்க ஒரு நாதி இல்லையா? சரி போ, நானே நின்னேன்."

போதகர் மாற்றலாகி வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. நிற்பவரை இறந்தவரின் அக்கா என்று நினைத்தார். "கர்த்தர் உங்க துக்கத்தை ஆத்துவாராக, அம்மா," என்றார் கனிவோடு. லாம்ரியா மரியாதை தெரிந்தவர். "ஆமென்" என்றார். அதற்குள் பாட்டுக்குழுவில் ஒருத்தி மயங்கிச் சரிந்தாள். சவப்பெட்டியும் தேவதூதர்களும் அங்கிருந்துதான் புறப்பட்டிருக்க வேண்டும்.

வதந்தி தீர்ந்தது என்று நோட்டை மூடினேன். லாம்ரியாவின் கத்தி நின்றது.

"சிரிச்சுட்டு விட்டிருப்பேன்," என்றார். "ஆனா மூணாவது பெஞ்சுல பார்லின் உக்காந்திருந்தான்."

பார்லின் மினிபஸ் ஓட்டுபவன். அவனுடைய அம்மா ரூஸ்தி, சந்தையில் லாம்ரியாவுக்கு எதிர்க்கடை. அவரும் கெண்டைதான் விற்றார். இருவரும் பேசிப் பதினொரு வருடம் ஆகிறது. மரநிழல் யாருக்கு என்பதில் ஆரம்பித்த சண்டை, மரத்தை வெட்டிய பிறகும் தொடர்ந்தது. "அந்த அம்மாகிட்ட சொல்லுங்க, அவங்க மீன் நேத்து செத்ததுன்னு" என்று மீன் வாங்க வந்தவர்களைத் தூது விடுவார்கள். சனிக்கிழமை மாலை கடை கட்டும்போது ரூஸ்தி சுருண்டு விழுந்து இறந்துவிட்டார். படுக்கையில் கிடந்த லாம்ரியாவுக்கு, மறுநாள் கோயில் வாசலில்தான் விஷயம் தெரிந்தது.

"அம்மாவை வீட்டுல கிடத்திட்டு, கறுப்புச் சட்டையும் தோள்ல துக்கத்துக்குப் போடற உலோஸ் துணியுமா வந்திருந்தான். அவ பேருக்கு நிக்கணும்னு. கடைசிப் பேரா என் பேரு வந்துச்சு. அவ பேரு வரவேயில்ல. அச்சாயிடுச்சாம்! கூட்டம் கலையற வரைக்கும் பெஞ்சைப் பிடிச்சுட்டு அப்படியே உக்காந்திருந்தான்."

இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோதே சகாலா வந்துவிட்டார், கையில் பனைவெல்லப் பொட்டலத்தோடு.

"ஞாயித்துக்கிழமை அறிவிப்புல 'அச்சுப்பிழை'ன்னு போட்டுடறேன், இனாங்," என்றார்.

"நான் பிழையாவே இருந்துட்டுப் போறேன், அமாங். ரூஸ்தி பேரை வாசிங்க."

"அது எப்படி? ஆண்டு முடிஞ்சுபோச்சு. அடுத்த பட்டியல்ல முதல் பேரா போட்டுடறேன். ஒரு வருஷம் என்ன, கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள ஓடிடும்."

"எனக்குப் பதினொரு வருஷம் அப்படித்தான் ஓடிச்சு. அடுத்த சந்தைக்குப் பேசிடலாம், அதுக்கடுத்த சந்தைக்குப் பேசிடலாம்னு. இப்ப பேச ஆளில்ல."

"அதெல்லாம் ஆண்டவருக்குத் தெரியும்."

"ஆண்டவருக்குத் தெரியும். அவருக்கு உங்க பட்டியலும் வேணாம், அச்சும் வேணாம். பார்லினுக்கு வேணும். காலத்தை ஓட்டறது ஆண்டவர் வேலை, அவர் வேகமா ஓட்டட்டும், நான் குறை சொல்லல. ஓடுற வண்டியிலேருந்து யாரும் கீழ விழாம பிடிச்சுக்கறது நம்ம வேலை. நீங்க ஒருத்தியைத் தள்ளிவிட்டுட்டு, அடுத்த நடையில ஏத்திக்கறேன்றீங்க."

"முறைன்னு ஒண்ணு இருக்கு, இனாங்."

"செத்தவளை வாசிக்க முறையில்ல. மூச்சு விடறவளை வாசிக்க மட்டும் இருந்துச்சா?"

சகாலா ஆதரவுக்கு என்னைப் பார்த்தார். நான் மீனைப் பார்த்தேன். பனைவெல்லத்தை வைத்துவிட்டுப் போனார்.

அந்த ஞாயிறன்று நானும் லும்பன் கோரத் கோயிலுக்குப் போனேன். என் ஆத்துமாவுக்காக அல்ல. திருச்சபையின் புத்தாண்டு ஞாயிறு அது. லாம்ரியா இந்த முறை முதல் பெஞ்சில் இருந்தார். முதல் பாட்டுக்கு எல்லோரும் எழுந்தோம், முடிந்ததும் உட்கார்ந்தோம். அவர் உட்காரவில்லை.

ஜெபம் முடிந்தது. வேத வாசிப்பு முடிந்தது. அவர் நின்றார். சகாலா குனிந்தபடி வந்து கிசுகிசுத்தார். முதல் பெஞ்சுக் கிசுகிசு கோயில் முழுக்கக் கேட்டது.

"உக்காருங்க, இனாங். பின்னால இருக்கறவங்களுக்கு மறைக்குது."

"மறைக்கட்டும். உங்க மூஞ்சியைப் பாக்கவா வந்திருக்காங்க?"

போதகர் பிரசங்கத்தை நிறுத்தினார். "அம்மா, உடம்புக்கு ஏதாவது?"

"உடம்பு நல்லாத்தான் இருக்கு, பாஸ்டர். ரூஸ்தி பேர் வரட்டும், உக்காந்துடறேன். நீங்க பேசுங்க, நல்லாத்தான் பேசறீங்க."

பிரசங்கம் மனித ஆயுளின் வேகத்தைப் பற்றியது. நாட்கள் எப்படிப் பறக்கின்றன என்று போதகர் முக்கால் மணி நேரம் நிதானமாக விளக்கினார். பத்து நாளைக்கு முன் சாகக் கிடந்தவர் அந்த முக்கால் மணி நேரமும் நின்றார். ஒரு கை பெஞ்சைப் பிடித்திருந்தது, இன்னொரு கை பாட்டுப் புத்தகத்தை. சபை முழுக்க அவரோடு எழுந்து நின்றது என்று எழுத எனக்கும் ஆசைதான். ஒருவரும் எழவில்லை. ஒருத்தி விசிறிக்கொண்டாள். என் பக்கத்தில் இருந்தவர், "கிழவி விழுந்தா யார் தூக்கறது?" என்று கேட்டுவிட்டுக் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார்.

ஆசீர்வாதம் சொல்லக் கை உயர்த்திய போதகர், கையை இறக்கினார். சகாலாவைப் பார்த்தார். சகாலா தலையை ஆட்டினார், வேண்டாம் என்று. போதகர் லாம்ரியாவைக் கேட்டார்:

"முழுப் பேர் என்னம்மா?"

"ரூஸ்தி, மனிக் குலத்துப் பொண்ணு. கெண்டை வியாபாரம். வாய் கொஞ்சம் நீளம்."

வாயை விட்டுவிட்டு மீதியைப் போதகர் வாசித்தார். மணியடிப்பவரும் யாரையும் கேட்காமல் கயிற்றை இழுத்துவிட்டார். மூன்றாவது பெஞ்சில் பார்லின் எழுந்தான். தோளில் உலோஸ் இல்லை, அன்று எடுத்து வரவில்லை. கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் உட்கார்ந்த பிறகுதான் லாம்ரியா உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்பதைவிட விழுந்தார் என்பது சரி.

செவ்வாய்க்கிழமை மூப்பர் குழு கூடியது. ஆராதனையைக் கலைத்ததற்காக லாம்ரியா சபை முன் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தீர்மானம். சகாலாவே காகிதத்தை எடுத்துக்கொண்டு போனார். நானும் கூடப் போனேன்.

லாம்ரியா முழுவதும் படித்தார். இரண்டாம் முறையும் படித்தார்.

"நியாயம்தான். ஆராதனையைக் கலைச்சது தப்புதான். மன்னிப்புக் கேக்கறேன்," என்றார்.

சகாலாவின் முகம் மலர்ந்தது. "இந்த ஞாயிறே வெச்சுக்கலாமா, இனாங்?"

"இந்த ஞாயிறா? எதுக்கு அவசரம்? அடுத்த ஆண்டுக் கடைசி ஞாயித்துக்குப் போடுங்க, அமாங். முதல் பேரா போடுங்க. ஒரு வருஷம் என்ன, ஓடிடும்."

சகாலா குறித்துக்கொண்டார். இதை நான் அச்சுக்குக் கொடுக்கும் வரை, லும்பன் கோரத் சபைக்கு வர வேண்டிய மன்னிப்பு ஒன்று வந்து சேரவில்லை.